அடிமனை யாருடையது?

சென்ற இதழில் பழைய வீட்டுப் பத்திரங்களைப் படிக்கும் முறை பற்றி எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஊரைப் பற்றிக் கேட்கின்றன: கும்பகோணம். சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்களுக்கு ஆற்றங்கரை ஊரில் ஒரு முற்றம் வைத்த வீடு வேண்டுமாம். அந்த ஊரில் பத்திரம் எழுதியே தலை நரைத்தவன் என்பதால் இந்த இதழை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். மற்ற ஊர்க்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: நானும் கணவரும் பணி ஓய்வு பெற்றுவிட்டோம். இருவருக்கும் கார் ஓட்டுவதில் விருப்பமில்லை. காய்கறிக்கும் கோயிலுக்கும் மருத்துவரிடமும் நடந்தே போகிற ஊராக இருக்க வேண்டும். கும்பகோணம் எங்களுக்குச் சரிப்படுமா? எந்தப் பகுதியில் தேடலாம்?
– வாசகி, ஆதம்பாக்கம்

பதில்: சரிப்படும் அம்மா. வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. பழைய ஊர் இவ்விரண்டுக்கும் நடுவே அடங்கிவிடுகிறது. 1866-இல் நகராட்சி ஆன ஊர், 2021-இல் மாநகராட்சி ஆனது. பெயர்ப்பலகைதான் பெரிதாயிற்று, நடக்கும் தூரம் பெரிதாகவில்லை. சக்கரபாணி கோயிலில் புறப்பட்டுக் கடைத்தெரு வழியே ராமசாமி கோயிலைத் தொட்டு, அங்கிருந்து மகாமகக் குளம்வரை வந்தால், நின்று பேசுவதற்கு யாரும் அகப்படாத பட்சத்தில், அரை மணி நேரம் ஆகும். குளத்தைத் தாண்டிப் போனால் ரயிலடியும் பேருந்து நிலையமும் அருகருகே இருக்கின்றன.

கும்பேஸ்வரர் கோயிலுக்கும் நாகேஸ்வரன் கோயிலுக்கும் இடைப்பட்ட தெருக்களிலும், மகாமகக் குளத்தைச் சுற்றியும் தேடுங்கள். கொட்டையூர், சாக்கோட்டை, செட்டிமண்டபம் பக்கம் ‘நகர்’ என்று முடியும் மனைப்பிரிவுகளைத் தரகர்கள் காட்டுவார்கள். வீடு விசாலமாக, வெளிச்சமாக இருக்கும். ஆனால் ஒரு கட்டுக் கீரைக்கு வண்டியை எடுக்க வேண்டும். உங்கள் கடிதத்தின் முதல் நிபந்தனையே அங்கே அடிபட்டுப் போகிறது.

நடக்கும் ஊர் என்றவுடன் அகலமான நடைபாதையைக் கற்பனை செய்துவிடாதீர்கள். பெரிய கடைத்தெருவில் நடைபாதை என்பது கடைக்காரர் அண்டாக்களையும் குடங்களையும் அடுக்கிவைக்கும் இடம். முகூர்த்த நாளில் இரு சக்கர வண்டிகள் முழங்கையை உரசிக்கொண்டு போகும். காலை எட்டு மணிக்கு முன்னால் கிளம்பிவிடுகிறவர்களுக்கே இந்த ஊர் முழுதாகக் கிடைக்கிறது.

இன்னொன்று, முழங்கால். பழைய வீட்டில் திண்ணைக்கு மூன்று படி, ரேழி வாசற்படி ஒன்று, கூடத்திலிருந்து முற்றத்துக்கு ஓர் இறக்கம், கொல்லைக்கு மேலும் இரண்டு படி. கழிப்பறை பெரும்பாலும் கொல்லையில். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த வழியை மனத்துக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். மாற்றிக் கட்ட முடியும். விலை பேசும்போதே அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மருத்துவத்துக்கு ஊரிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது, தனியார் மருத்துவர்களும் உண்டு. பெரிய சிகிச்சை என்றால் 40 கிலோமீட்டர் தள்ளித் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கோ அங்குள்ள தனியார் மருத்துவமனைகளுக்கோ போகிறார்கள். கணவருக்கு இதயக் கோளாறு ஏதும் இருந்தால் இந்தத் தூரத்தை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆதம்பாக்கம் வீட்டை உடனே விற்க வேண்டாம். ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். ஒரு சித்திரை வெயிலும் ஓர் ஐப்பசி மழையும் பார்த்த பிறகு எந்தத் தெரு வேண்டும் என்று நீங்களே எனக்கு எழுதுவீர்கள்.

*

கேள்வி: மடத்துத் தெரு அருகே ஒரு வீடு பார்த்திருக்கிறோம். நீளமான வீடு, தேக்கு உத்தரம், இரண்டு கட்டு, பின்னால் கிணறு. பக்கத்து வீடுகளோடு ஒப்பிட்டால் விலை மிகவும் குறைவு. காரணம் கேட்டதற்கு, “அடிமனை கோயிலுடையது, அதனால் என்ன, இங்கே எல்லாரும் அப்படித்தான் இருக்கிறார்கள்” என்கிறார் தரகர். வாங்கலாமா?
– வாசகர், பெங்களூர்

பதில்: தரகர் பொய் சொல்லவில்லை. சொன்னது பாதி. மீதியை நான் சொல்கிறேன்.

கும்பகோணத்தில் கணிசமான வீடுகளுக்குக் கீழே உள்ள மண் கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம். விளக்குக்கும் நைவேத்தியத்துக்கும் வேத பாடசாலைக்கும் என்று எழுதிவைக்கப்பட்ட மண் அது. அதன் மேல் வீடு கட்டிக்கொண்டவர்கள் தலைமுறை தலைமுறையாக மனைக்கு வாடகை கட்டி வந்தார்கள். வீடு அவர்களுடையது, மனை சாமியுடையது. இவர்கள் விற்கும்போது பத்திரத்தில் ‘கட்டடம் மட்டும்’ என்று ஒரு வரி இருக்கும். பத்துப் பக்கப் பத்திரத்தில் அந்த ஒரு வரியைத்தான் வாங்குபவர் படிக்காமல் விடுகிறார்.

1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவைக் கேளுங்கள். கோயில் சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் அது செல்லாது. கோயில் மனையை உங்களுக்கு விற்க அந்த வீட்டுக்காரரால் முடியவே முடியாது. அவர் விற்பது சுவரும் கூரையும் கதவும். வாங்கிய பிறகு கோயில் நிர்வாகம் உங்களை வாடகைதாரராக ஏற்றுக்கொண்டு பெயர் மாற்றித் தர வேண்டும். தரும்வரை அதன் பதிவேட்டில் நீங்கள் யாரோ. 78-ஆம் பிரிவின்படி ஆக்கிரமிப்பாளர் என்று அறிவிப்பு வந்தால், “ஆனால் நான் முழுப் பணம் கொடுத்தேனே” என்பது பதில் ஆகாது.

இரண்டாவது, மனை வாடகை. தாத்தா காலத்து ரசீதைக் காட்டி “மாதம் இவ்வளவுதான்” என்பார்கள். அதே சட்டத்தின் 34-ஏ பிரிவில் மனையின் சந்தை மதிப்பைப் பார்த்து நியாய வாடகை நிர்ணயிக்க வழி இருக்கிறது. அப்படி நிர்ணயித்து நிலுவையோடு கேட்கும்போது, பழைய தொகையைக் கட்டிப் பழகிய குடும்பங்கள் திகைத்துப்போகின்றன. நிலுவை உங்கள் தலையில் விழாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

மூன்றாவது, வங்கி. மனை இல்லாத வீட்டுக்குக் கடன் கேட்டுப் பாருங்கள். மேலாளர் காபி வாங்கித் தந்து அனுப்பிவைப்பார்.

“நூறு வருடமாக இருக்கிறோம், எங்களை யார் அசைக்க முடியும்” என்று விற்பவர் சொல்லக்கூடும். தனியார் நிலத்தில், நெடுநாள் குடியிருப்பதாலேயே உரிமை கோரும் அனுபவ பாத்தியம் பேசலாம். சமய நிறுவனங்களின் சொத்தை மீட்கும் வழக்குக்குக் காலவரையறைச் சட்டம் பொருந்தாது என்று 109-ஆம் பிரிவு சொல்கிறது. நூறு வருடம் இருந்தவருக்கு நூறு வருட வாடகைதாரர் என்ற மரியாதை மட்டுமே உண்டு.

எப்படிக் கண்டுபிடிப்பது? வில்லங்கச் சான்றில் இது தெரியாமல் போகலாம். கட்டடத்தை விற்ற பத்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுத்தமாக வரிசை கட்டி நிற்கும். நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை வாங்கி உரிமையாளர் பெயர் என்ன என்று பாருங்கள். பிறகு மூலப்பத்திரம். கைப்பட எழுதிய பழைய பத்திரமாக இருந்தால் இன்னும் நல்லது. அந்தக் காலத்துப் பத்திர எழுத்தர்கள் இன்ன தேவஸ்தானத்துக்கு இவ்வளவு மனை வாடகை என்று ஒளிக்காமல் எழுதிவைத்தார்கள். அறநிலையத் துறை கோயில் நிலங்களின் விவரங்களை 2021-இல் தன் இணையதளத்தில் ஏற்றியது, அங்கேயும் தேடலாம். இவை எல்லாவற்றையும்விடச் சுலபமான வழி, அந்தக் கோயில் அலுவலகத்துக்கு நடந்து போய்க் கதவிலக்கத்தைச் சொல்லிக் கேட்பது. எழுத்தருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும்.

வீட்டுக்காரர் பெயரிலேயே பட்டா இருக்கிறது என்றால்? அதோடு விசாரணையை நிறுத்திவிடாதீர்கள். பட்டா உரிமைக்கு ஒரு சான்று, உரிமையே ஆகிவிடாது. தவறாகப் போன பட்டாக்கள் ரத்தாவதும் நடக்கிறது.

சரி, என் அபிப்பிராயம். கோயிலிலிருந்து பெயர் மாற்றக் கடிதம் கைக்கு வராமல் இப்படிப்பட்ட பத்திரங்களை நான் எழுதுவதில்லை. கடிதம் வந்தாலும், வாழ்நாள்வரை இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்களுக்கே அது ஒத்துவரும். பிள்ளைகளுக்குச் சொத்து சேர்க்கும் எண்ணம் இருந்தால் தேக்கு உத்தரத்தை அண்ணாந்து பார்த்து ரசித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

*

கேள்வி: கொல்லைக் கதவைத் திறந்தால் காவிரி என்று ஒரு வீடு. ஆடிப்பெருக்கன்று போய்ப் பார்த்தோம், மனைவி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். முன்பணம் கொடுத்துவிடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஆடிப்பெருக்கன்று காவிரியைப் பார்த்து யார்தான் உட்காரமாட்டார்கள். இப்போது சித்திரையில் ஒருமுறை அழைத்துக்கொண்டு போங்கள்.

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் திறப்பது தள்ளிப்போகும். மூடிய பிறகு கும்பகோணத்துக் காவிரியில் மணலும் கோரையும், நடுவே தேங்கிய சாக்கடையும்தான். சாயங்காலம் ஆறு மணிக்குக் கொல்லைக் கதவைத் திறந்து கொசுவை எண்ணிப் பாருங்கள். அதற்குப் பிறகும் பிடித்திருந்தால் அந்த வீடு உங்களுக்கு எழுதிவைத்தது.

வெள்ளத்துக்கு அதிகம் பயப்பட வேண்டாம். பெருவெள்ளம் வந்தால் முக்கொம்பிலும் கல்லணையிலும் கொள்ளிடத்தில் திருப்பிவிடுகிறார்கள். இந்த ஊரில் வீட்டுக்குள் வரும் தண்ணீர் பெரும்பாலும் தெருவிலிருந்து வருவது. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு உயர்ந்துகொண்டே போய், மூன்று படி ஏற வேண்டிய திண்ணைகள் பல இடங்களில் தெரு மட்டத்துக்கு வந்துவிட்டன. ஐப்பசியில் முற்றத்துத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். சுவரின் அடியில் உப்புப் பூத்திருக்கிறதா, புதுச் சுண்ணாம்பு இடுப்பு உயரம்வரை மட்டும் அடித்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

பத்திரத்தில் பார்க்க வேண்டியது வடக்கெல்லை. ‘வடக்கு: காவிரி’ என்று செக்குபந்தி, அதாவது நான்கெல்லை விவரம், எழுதியிருந்தாலும், படித்துறைக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள இடம் ஆற்றுப் புறம்போக்காக இருக்கலாம். கொல்லையில் கட்டிய குளியலறை, துணி துவைக்கும் கல், தென்னை மரம் எல்லாம் அரசாங்க இடத்தில் நிற்கும். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. நில அளவையரை வைத்துக் கல் காட்டச் சொல்லி அளந்த பிறகு, பட்டாவில் உள்ள சதுரடிக்கு மட்டும் விலை பேசுங்கள். ஆற்றுக்கு விலை கிடையாது.

*

கேள்வி: விற்பவர்கள் அண்ணன் தம்பி மூவர். அக்காவும் தங்கையும் 1980-களிலேயே கல்யாணமாகிப் போய்விட்டார்கள், அவர்கள் கையெழுத்து தேவையில்லை என்கிறார்கள். சரிதானா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: இந்த வாதத்தை இன்னுமா சொல்கிறார்கள்! 1989 மார்ச் 25-க்கு முன் திருமணமான மகளுக்குப் பூர்விகச் சொத்தில் பங்கில்லை என்பது இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தின் நிலை. 2005 செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் திருமண வேறுபாடு பார்க்காமல் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. தந்தை அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வீடு தந்தை தன் சம்பாத்தியத்தில் வாங்கியது என்றால் கேள்வியே வேண்டாம். உயில் எழுதாமல் இறந்திருந்தால் 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகள்களும் வாரிசுகள்.

2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவு செய்த பாகப்பிரிவினை இருந்தால் நிலைமை வேறு. அதை நகல் எடுத்துப் பாருங்கள். இல்லாவிட்டால் இரண்டு சகோதரிகளும் கிரயப் பத்திரத்திலேயே கையெழுத்துப் போடட்டும், அல்லது தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தரட்டும். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற அதிகார ஆவணம் (பவர் பத்திரம்) அனுப்பலாம். அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிக்கொள்ள வேண்டும். “அக்கா ஒன்றும் சொல்லமாட்டாள்” என்பவரிடம், அப்படியானால் அக்காவையே அழைத்து வாருங்கள் என்று சொல்லிப் பாருங்கள்.

உயில் உண்டா என்றும் தனியே விசாரியுங்கள். பதிவு செய்த உயிலும் வில்லங்கச் சான்றில் வராது, அது பதிவு அலுவலகத்தில் உயில்களுக்கான மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். மேலும், இணையத்தில் கிடைக்கும் வில்லங்கம் பெரும்பாலும் 1975-இலிருந்துதான். அதற்கு முந்தையதைப் பதிவு அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேடி வாங்க வேண்டும். பழைய ஊரில் வீடு வாங்குகிறவர் இந்தச் செலவில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

*

கேள்வி: வாங்கிய வீட்டை இடித்துவிட்டு மாடி கட்டலாம் என்று தொடங்கினோம். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தொடக் கூடாது என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, திருச்சி

பதில்: பத்திரத்தை எடுத்து வையுங்கள். ‘மேல்புறச் (மேற்குச்) சுவர் பொது’ என்று இருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

அந்தத் தெருக்களில் வீடுகள் ரயில் பெட்டிகளைப் போல ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். இரண்டு பக்கத்து உத்தரங்களும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கும். உங்கள் பக்கத்தை இடித்தால் அவர் வீட்டின் மெட்ராஸ் ஒட்டுத் தளம், அதாவது பழைய பாணிக் கூரைத் தளம், இறங்கும். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பொதுச் சுவரை அப்படியே விட்டுவிட்டு, உங்கள் எல்லைக்குள் தனியாகத் தூண் எழுப்பிக் கட்டுவதுதான் வழி. அரை அடிக்கு மேல் அகலம் போகும். இருபதடி அகல வீட்டில் அது பெரிய இழப்புதான், வேறு வழியில்லை.

சுவர் மட்டும் போதாது. கிணற்றில் சரிபாதி பாத்தியம், கொல்லைச் சந்தில் நடை பாத்தியம், அடுத்த வீட்டுக் கூரைத் தண்ணீர் உங்கள் முற்றத்தில் விழும் உரிமை, இவையெல்லாம் பழைய பத்திரங்களில் கடைசிப் பக்கத்தில் ஒதுங்கி இருக்கும். இடிப்பதற்கு முன் பக்கத்து வீட்டுப் பத்திரத்தையும் வாங்கிப் படியுங்கள். எதிர்ப்பக்கத்து வாசகம் வேறாக இருந்தால் பேச்சுவார்த்தையை அங்கிருந்து தொடங்கலாம். அதற்கு முன்னால் வேலையாட்களை நிறுத்திவிட்டு அவர் வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள் அம்மா. வழக்கறிஞரின் அறிவிப்பு முதலில் போனால் அடுத்த பத்து ஆண்டுக்கு அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் பேச்சு இருக்காது.

ஒரு யோசனை: சுண்ணாம்புக் காரை நன்றாக இருக்கிறதென்றால் எதற்கு இடிக்கிறீர்கள்? வெயில் காலத்தில் புது மாடியில் படுத்துப் பார்த்தவர்கள் பழைய கூடத்தைத் தேடுவார்கள்.

*

கேள்வி: அக்கிரகாரத் தெருவில் வீடு கேட்டுப் போனால் “நீங்கள் என்ன ஆட்கள்?” என்கிறார்கள். எங்களுக்கு விற்பார்களா?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: பழைய பத்திரங்களில் சாதி எழுதியிருக்கும். உங்கள் பத்திரத்தில் அதற்கு இடம் வைக்க மாட்டேன். அப்படிக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது உண்மை. கேட்பவர் வீட்டுக்கு அடுத்த மூன்று வீடுகளும் எப்போதோ கைமாறிக் கடையாகவும் விடுதியாகவும் ஆகியிருக்கும் என்பதும் உண்மை. அந்த வாசலில் நேரத்தை வீணாக்காதீர்கள். விலையை மட்டும் பேசுகிற விற்பனையாளர் அதே தெருவில் கிடைப்பார்.

*

கேள்வி: பத்திரச் செலவு எவ்வளவு ஆகும்?
– வாசகி, கடலூர்

பதில்: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்ச ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. 50 லட்சமோ அதற்கு மேலோ விலை போனால் 1 சதவீதத்தை வருமான வரியாகப் பிடித்து நீங்களே கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டுவாசி என்றால் கணக்கு வேறு, தணிக்கையாளரைக் கேளுங்கள்.

*

கேள்வி: 2028-இல் மகாமகம் வருகிறது. அதற்குள் குளக்கரையில் ஒரு வீடு வாங்கி யாத்திரிகர்களுக்கு வாடகைக்கு விட்டால் போட்ட பணம் வந்துவிடும் என்கிறார் நண்பர்.
– வாசகர், சேலம்

பதில்: நண்பர் 2016-இல் கும்பகோணத்தில் இருந்தாரா? மகாமகத்தன்று குளக்கரைத் தெருக்கள் போலீஸ் கட்டுப்பாட்டில் இருக்கும். 1992-இல் நெரிசலில் உயிர்கள் போன பிறகு கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் ஏற்பாடுகள் கடுமையாகிவிட்டன. உங்கள் விருந்தாளி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் நடந்து வர வேண்டும். தடுப்புகளைத் தாண்டி உள்ளே விடுவார்களா என்பதும் அன்றைய ஏற்பாட்டைப் பொறுத்தது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை சில நாள் கிடைக்கும் வாடகைக்காகக் குளக்கரை விலை கொடுப்பது கணக்குக்கு ஒத்துவராது.

நவக்கிரகக் கோயில்களுக்கு வருபவர்கள் ஆண்டு முழுவதும் ஊரில் தங்குகிறார்கள். அவர்களை நம்பி விடுதி நடத்துவதானால் அது வேறு தொழில். கட்டட அனுமதி, சொத்து வரி, மின் கட்டணம் எல்லாம் வணிக வகைக்கு மாறும். தாராசுரம் பக்கம் இடம் பார்த்தால் இன்னொரு விஷயம். ஐராவதேஸ்வரர் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டர்வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும்.

குளக்கரையில்தான் வாங்குவேன் என்றால், வருடந்தோறும் வரும் மாசி மகத்தன்று அந்தத் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை வண்டி விடுவதில்லை என்று தெருக்காரர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடிமனை யாருடையது என்று கேட்டு, பதிவேட்டு நகலும் வாங்கிய பிறகு எனக்கு எழுதுங்கள்.